மடியில் விழுந்த நிழல்

எங்கள் ஹாலில் டிவிக்கு மேலே இப்போது ஓர் ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், படத்தைக் காணோம்?" என்று கேட்கிறார்கள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். போட்டோவுக்கு என்ன ரிப்பேர் என்று என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் சும்மா சிரித்து வைக்கிறேன்.

அங்கே தொங்கியது நான் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மூடிய கடை ஒன்றின் ஷட்டர். அதன் முன்னால் முப்பது வயதுக்குள் ஒரு பெண் நிற்கிறாள். வெள்ளைச் சேலை. முந்தானையை முன்னால் இழுத்து இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கிறாள். மடி காலி. முகம் குனிந்திருப்பதால் நெற்றியும் கழுத்தும் தெரியாது. வலது ஓரத்திலிருந்து ஒரு நீண்ட நிழல் தெருவில் விழுந்து, அவள் காலில் ஏறி, அதன் தலை சரியாக அந்த மடிக்குள் வந்து முடிகிறது. நிழலுக்குச் சொந்தக்காரர் படத்தில் இல்லை.

இவ்வளவு நடந்த பிறகும் சொல்கிறேன், நல்ல படம்தான். என்னிடம் இருக்கிற கோளாறே அதுதான், இன்னும் அப்படித்தான் சொல்கிறேன்.

நான் அரிமளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். வீடு திருக்கோகர்ணத்தில். நாற்பத்தைந்து வயதில் கேமரா வாங்கினேன். அந்த வயதில் சிலர் மனை வாங்கி விற்கிறார்கள், சிலர் பாத யாத்திரை கிளம்புகிறார்கள். எனக்குத் தெருவில் நடமாடுகிறவர்களைப் படம் எடுக்கும் கிறுக்கு பிடித்தது. அதிலும் கறுப்பு வெள்ளைதான். கலர் கண்ணை ஏமாற்றும், கறுப்பு வெள்ளைதான் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவேன். கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அதற்காக நிறுத்தியதில்லை.

என் கேமராவில் கறுப்பு வெள்ளை என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் வைத்துவிட்டால், கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கிற சின்னத் திரையிலேயே தெரு முழுவதும் கறுப்பு வெள்ளையாகிவிடும். கலர்ப் பிரதி ஒன்றையும் கூடவே சேமித்து வைக்க வழி இருக்கிறது. அதை நான் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தேன். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி வைத்துக்கொண்டு எடுக்கிறவன் கலைஞனா என்று ஸ்டாஃப் ரூமில் முழங்கினேன். "ஒங்க சப்ஜெக்டே கலர வெச்சுத்தான சார் ஓடுது?" என்றார் பி.டி. வாத்தியார். உண்மைதான். மஞ்சள் தோய்த்த தாளில் சோப்புத் தண்ணீரை விட்டு, அது சிவப்பதைக் காட்டி இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு அவரோடு டீ குடிக்கப் போகவில்லை.

படம் எடுத்தது ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை இருக்கும். டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடைகள் இன்னும் திறக்காத வரிசையில் அவளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கேமரா வழியாகப் பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஷட்டரின் வரிகளும் அந்தச் சேலையின் மடிப்புகளும் சேர்ந்து எனக்குப் படம் கூடி வந்துவிட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, அதை விரலால் தட்டிக் காட்டித் தலையை ஆட்டினேன். அவளும் ஏதோ தலையை ஆட்டினாள். இதைத்தான் என்னைப் போன்றவர்கள் அனுமதி என்று சொல்லிக்கொள்கிறோம். நான்கு படம் எடுத்தேன். எட்டு மணிக்கு வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்தேன். அந்தக் காலையைப் பற்றி என் ஞாபகத்தில் இருந்தது இவ்வளவுதான்.

ஆடி மாதம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து புதுக்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் அட்டை. மற்றவர்கள் இடத்தின் பெயரை எழுதினார்கள். எனக்கு அது போதுமா? "போனவனின் நிழல்" என்று தலைப்பு எழுதி, கீழே "கணவனை இழந்தவள் கையேந்தும் காலை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. யார் இவள், எந்த ஊர், கணவனை இழந்தாள் என்று எனக்கு யார் சொன்னது என்ற கேள்வி ஒரு நிமிஷம்கூட மனதில் எழவில்லை. படம் சொல்கிறதே, பிறகென்ன?

திருச்சியிலிருந்து வந்த ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். "இறந்தவன் வந்து அவள் மடியில் தலை சாய்க்கிறான்" என்றார். நானே நினைக்காத அர்த்தம். ஆனால் நினைத்துத்தான் எடுத்தேன் என்பதுபோல மெதுவாகத் தலையசைத்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ படத்தையும் அட்டையையும் சேர்த்து செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது சுற்றிச் சுற்றி என் மச்சினன் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. அந்த மாதம் முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினேன்.

அடுத்த மாசி முடியும் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நீலச் சேலை, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு கட்டைப் பை. நம்மிடம் படிக்கிற யாருக்கோ அம்மா, மார்க் விஷயமாக வந்திருக்கிறாள் என்று நினைத்து, முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

"அது நாந்தான் சார்," என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காருங்கள் உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்காட்சி நடந்த மண்டபத்தில் விசாரித்து, அங்கிருந்து ஸ்டூடியோ ஒன்றில் விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இதே போட்டோ கலர்ல இருக்குமா சார்?"

"ஏம்மா, இது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு."

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் வந்தவளின் கழுத்தைப் பார்த்தேன். தாலி இருந்தது. அன்றைக்கும் இருந்திருக்கும். குனிந்த முகத்துக்குக் கீழே சேலை மறைத்திருக்கும். அந்த மறைவும்கூட எனக்குப் படத்தின் அழகாகத்தான் பட்டிருந்தது.

"நான் கட்டியிருந்தது வெள்ளை இல்ல சார். மஞ்சச் சேலை. அம்மனுக்கு மடிப்பிச்சை எடுத்தோம்."

மடிப்பிச்சை என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடினால், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையை இடுப்பில் செருகி, தெருவில் மடி விரித்து நிற்பார்கள். விழுகிற அரிசி அம்மனுக்குப் போய்ச் சேரும். பத்து ஏக்கர் வயல் உள்ள வீட்டுப் பெண்ணும் ஏந்துவாள். கேட்காமல் போடுவார்கள். போடுகிறவருக்கும் அந்த வேண்டுதலில் பங்கு உண்டு என்பார்கள்.

அவள் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் முதுகும் போய், பிழைப்பாரா என்று தெரியாமல் கிடந்திருக்கிறார். இவளும் மாமியாரும் ஏழு ஊரில் மடி ஏந்துவதாக வேண்டிக்கொண்டார்கள். குளத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊர். அங்கே தொடங்கி ஏழாவதாகத் திருக்கோகர்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் விழுந்ததைப் பையில் கொட்டிவிட்டுப் புதிதாக மடி விரிப்பது வழக்கமாம். நான் அவளைப் பார்த்தது அந்த ஏழாவது ஊரின் முதல் தெருவில். அதனால்தான் மடி காலியாக இருந்தது. இடுப்பில் இருந்த வேப்பிலையை விரித்த முந்தானை மறைத்திருக்கும்.

"அந்தச் சேலை இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அவரு தை மாசம் நல்லபடியா ஊரு வந்து சேந்தாரு. வேண்டுதல் பலிச்சா அந்தச் சேலையத் திரும்பக் கட்டவும் கூடாது, வீட்டுல வெக்கவும் கூடாது எங்களுக்கு. கோயில் குளத்துல முங்கி, கரையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்தப் போட்டோவ அவரு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கையில பாத்துட்டாரு சார். நான் மஞ்சள்னு சொல்லிட்டேன். சரின்னுதான் சொல்றாரு. ஆனா மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கிறாரு. கலர்ல ஒண்ணு காட்டிட்டா சரியாப் போயிரும்."

கலர் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கேமராவின் செட்டிங்கை விளக்கினேன். வகுப்பில் நடத்துவது போலவே நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெக்கவே இல்லையா சார்?" என்றாள். கம்ப்யூட்டரில் மஞ்சள் பூசித் தரச் சொல்கிறேன் என்றேன். "பூசுனது வேண்டாம் சார். அவருக்குத் தெரிஞ்சிரும்," என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள். குறை சொல்லும் குரலில்லை. ஏதோ ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு நாலு தடவ எடுத்தீங்க. மடியில ஒரு பிடி அரிசி போடாமப் போயிட்டீங்க. எங்க அத்தைகூட, பாவம் அந்தத் தம்பிக்கு என்ன அவசரமோன்னு சொன்னாக."

அவள் போன பிறகு என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து, பதினெட்டு நாள் இறங்காமல் கிடந்தேன். என் அம்மா மஞ்சள் சேலை கட்டி எங்கள் தெருவிலேயே மடி ஏந்தினாள். எனக்குச் சொந்த அம்மாவின் மடி தெரியும், மஞ்சள் தெரியும், வேப்பிலை தெரியும். கையில் கேமரா இருந்தால் மட்டும் எனக்கு எதுவும் தெரியாமல் போகிறது. என் மனைவியிடம், சாப்பிட எடுத்து வை என்று எரிந்து விழுந்தேன்.

மறு வாரம் அவளே போன் செய்தாள். "கலர் இல்லாட்டிப் போகுது சார். நீங்க நேர்ல பாத்தவுக. ஒரு வாட்டி வந்து அவருகிட்டச் சொல்லிட்டுப் போங்க. வேற யாரு சொல்லுவா, எங்க அத்தையும் இப்ப இல்ல." மாமியார் அந்தச் சித்திரையிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டாராம். மகனால் வந்து கொள்ளி வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிக் குளத்தூர் போனேன். ஸ்டாப்பில் அவள் காத்திருந்தாள். அங்கிருந்து ஆட்டோவில் அவர்கள் ஊர். வழியெல்லாம் எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சேலை மஞ்சள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அதற்குள் இருந்த சிக்கல் எனக்குப் புரிந்தபோது வீடு வந்துவிட்டது. நான் அந்தச் சேலையைப் பார்க்கவே இல்லை. சின்னத் திரையில் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றைப் பார்த்தேன். கேமராவிலிருந்து கண்ணை எடுத்ததும் என் வீட்டுப் பக்கம் போகும் டவுன் பஸ் வந்துவிட்டது, திரும்பிப் பார்க்காமல் ஓடி ஏறினேன்.

சிங்கப்பூரில் உழைத்துக் கட்டிய இரண்டு அறை வீடு. வெளிப்பூச்சு இன்னும் பூசவில்லை. கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். சுவரில் அவருடைய அம்மாவின் படம் இருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள், மூக்கும் வாயும் கலங்கிப் போயிருந்தன. மாலை காய்ந்திருந்தது.

"வாங்க சார். இம்புட்டுத் தூரம் ஒங்கள அலைய விட்டுட்டா," என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இவ சொல்றத நம்பாம இல்ல சார். அப்படி நெனச்சிராதீங்க. ஆனா நான் மொதல்ல பாத்தது இதத்தான். பக்கத்து பெட்டுல ஒரு பய, நம்ம பக்கத்து ஆளுதான், அண்ணே இது மதினி மாதிரி இருக்குன்னு போன நீட்டுனான். கீழ எழுதியிருக்கு, புருசன எழந்தவன்னு. ஆத்தா போயி அப்ப மூணு மாசம். இங்க நான் மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கேன், அங்க இவ வெள்ளையக் கட்டிக்கிட்டுத் தெருவுல கையேந்தி நிக்கிறா. என்னைய முடிச்சிட்டாகன்னு நெனச்சேன் சார். அன்னிக்கு ராத்திரி மருந்து வேண்டாம்னுட்டேன்."

அவர் மனைவி டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"அப்புறம் போன் போட்டுப் பேசினா. மஞ்சள்னா. சரின்னேன். ஆனா கண்ண மூடுனா வெள்ளையாத்தான் வருது. இவ பச்சை கட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னாலும் எனக்கு அந்த ஷட்டரும் அந்த வெள்ளையுந்தான் வருது. நான் என்ன செய்ய?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நேர்ல பாத்தீங்க. சொல்லுங்க சார். எப்படி இருந்துச்சு?"

பொய் சொன்னேன். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். "மஞ்சள்தாங்க. நல்ல மஞ்சள். வெயில் பட்டுப் பளிச்சுன்னு இருந்துச்சு. தூரத்துலேர்ந்தே கண்ணைப் பறிச்சுச்சு."

"கரை?"

படத்தில் கரை கறுத்திருக்கும். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். "பச்சைக் கரை," என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "செவப்புக் கரை சார். பளிச்சுன்னும் இருக்காது. ஏழு ஊருக்கும் அந்த ஒரு சேலதான். தொவச்சுத் தொவச்சு வெளுத்துப் போயிருந்துச்சு."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். "பரவால்ல சார். நீங்களும் என்னைய மாதிரி போட்டோவத்தான் பாத்திருக்கீங்க."

அவளைப் பார்க்கத் துணிவு வரவில்லை. கடைசி நம்பிக்கையாக என்னை அழைத்துவந்தாள். வந்த காரியத்தை நானே கெடுத்துவிட்டேன். அவர் இன்னும் அமைதியாகவே பேசினார்.

"ஆத்தாவும் கூடத்தான் நின்னுச்சுங்கிறா. நின்னுருந்தா போட்டோவுல இருக்கணும்ல சார்? இவ நம்ம மனசு ஆறணும்னு சொல்றா. தனியாத்தான் நின்னுருக்கா. தெரியுதே."

"நான் எங்க தனியா நின்னேன்?" அவள் குரல் உடைந்தது. என்னிடம் திரும்பினாள். அவள் கோபத்தை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். "சார், ஒங்களுக்கு ஞாபகமே இல்லையா? ஆத்தா, செத்த அங்கிட்டுத் தள்ளி நில்லுங்கன்னு நீங்கதான சொன்னீங்க? அவுக சரி தம்பின்னு தள்ளிப் போனாகளே! சொல்லுங்க சார்!"

முதலில் அந்தக் குரல்தான் வந்தது. சரி தம்பி. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. ஷட்டருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வயதானவர். இரண்டு பேர் நின்றால் படம் கெட்டுப்போகும் என்று எனக்குப் பட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை ஆட்டி, ஆத்தா செத்த அங்கிட்டு என்றேன். அவர் நாலு எட்டு வைத்து வெயில் பக்கம் நகர்ந்தார். அதற்குப் பிறகுதான் படம் கூடி வந்தது. முகம் ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தாலும் முகம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

"நாந்தாங்க தள்ளி நிக்கச் சொன்னேன்," என்றேன் அவரிடம். "உங்க அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. இவங்க தனியா இருக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னு நான்தான் அவங்களைத் தள்ளிவிட்டேன். சேலை நான் பாக்கலை. இது ஒண்ணுதான் நான் நிச்சயமா சொல்ல முடியும்."

அவர் செல்போனை எடுத்தார். அந்தப் படம் அதில் இருந்தது. இவ்வளவு நாளும் அழிக்காமல் வைத்திருந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினார்.

"எங்கிட்டுத் தள்ளி நின்னுச்சு? இங்கிட்டா?"

வலது பக்கம். வெயில் வந்த பக்கம்.

"அப்ப இது?" அவர் விரல் நிழலின் மேல் இருந்தது.

திருச்சிக்காரர் இறந்தவன் என்று சொன்ன நிழல். கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்த நிழல். போனவன் என்று நான் பெயர் எழுதி ஒட்டிய நிழல். ஏழெட்டு மாதம் என் வீட்டு ஹாலில் தொங்கியது, ஒருநாள்கூட இது யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் இன்னும் பெரிதாக்கினார். "முழங்கை ரெண்டும் வெளிய நிக்கிது பாரு. ஆத்தாவும் மடி ஏந்திக்கிட்டுத்தான நிக்கிது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பின்ன? தள்ளி நிக்கச் சொன்னப்பகூட மடிய மடக்கலையே அவுக."

"ஆத்தா என்ன சேலை?"

"எனக்கு எடுத்த மாதிரியே மஞ்சள். ஒரே கடையில ரெண்டு எடுத்தாக. நான் கட்டலாமாடின்னு எங்கிட்டக் கேட்டாக. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, எம் புள்ளைக்குன்னா கட்டலாம்னு அவுகளே சொல்லிக்கிட்டாக."

"அப்பா போனதுலேர்ந்து ஆத்தா கலர் கட்டுனதே இல்ல சார்," என்றார் என்னிடம். "பதினாலு வருசம். எங்க கல்யாணத்துக்குக்கூட வெளுத்த சேலதான்." கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் முழுசாக விளங்கியது. பதினாலு வருஷம் கழித்து மகனுக்காக மஞ்சள் கட்டி வந்த ஒரு விதவையைக் கையை ஆட்டி வெளியே அனுப்பிவிட்டு, புருஷன் பிழைக்க வேண்டும் என்று மஞ்சள் கட்டி நின்றவளை விதவையாக்கி ஊருக்குக் காட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் இருந்தார். நான் சும்மா நின்று இரண்டு பேரையும் எடுத்திருந்தால், அந்தச் சுவரில் கலங்கிப்போன கார்டு படத்துக்குப் பதிலாக அது இருந்திருக்கும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் யாருக்கும் குறை இருந்திருக்காது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "ஆத்தா நின்னுருந்தா அது வெள்ளையா இருக்காது. ஒன்னைய அப்படி நிக்க விட்டுருக்காது."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது அவர் கேட்டார். "சார், இந்த நெழல மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுத் தர முடியுமா?"

அடுத்த சனிக்கிழமையே எடுத்துக்கொண்டு போனேன். நிழலும் அது விழுந்த மடியும் மட்டும் வருமாறு பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டியிருந்தேன். ஹாலில் இருந்த பெரிய படத்தைக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு படி பச்சரிசி போடு என்று என் மனைவியிடம் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தலை தட்டி அளந்து, மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டிக் கொடுத்தாள்.

படத்தை அவரே வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு எங்கே மாட்டலாம் என்று கேட்டார். அவள் கார்டு படத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தபடியே ஆணியை எடுத்துக் கொடுக்க, நான் அடித்தேன். மாட்டி முடித்ததும் அவள் சந்தனமும் குங்குமமும் குழைத்துக் கொண்டுவந்து, கண்ணாடிக்கு மேல், நிழலின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். அந்தப் படத்தில் நான் பார்த்த முதல் கலர் அதுதான்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவளிடம் அரிசிப் பையை நீட்டினேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று பஸ்ஸில் வரும்போது தயார் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "அன்னிக்குப் போட்டிருக்க வேண்டியதும்மா," என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டவில்லை. முந்தானையைக் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டுதல் முடிஞ்சிருச்சு சார். இனிமே வாங்கக் கூடாது," என்றாள். பிறகு, என் மனம் புண்படும் என்று நினைத்தாளோ என்னவோ, "பாத்துப் போயிட்டு வாங்க சார்," என்றாள்.

அந்த ஒரு படி அரிசியையும் என் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருக்கோகர்ணம் வந்து இறங்கினேன்.